எடை திரும்பும்போது: பேரியாட்ரிக் சர்ஜரிக்குப் பிறகு மருந்துக்கு என்ன வேலை?

எடை குறைக்க வயிற்றில் செய்யும் பேரியாட்ரிக் சர்ஜரி முடிந்து மூன்றாவது வருடம். 120 கிலோவில் இருந்தவர் 80க்கு இறங்கியிருந்தார். இப்போது மெஷின் 84 காட்டுகிறது. இரண்டு மாதத்தில் 86. அதற்கப்புறம் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். வருடாந்திர செக்கப்புக்குப் போன் வந்தால், அடுத்த மாதம் வருகிறேன் என்கிறார். கொஞ்சம் குறைத்துக்கொண்டு போய் நின்றால் கௌரவமாக இருக்கும் என்று நினைப்பு. அந்தக் கொஞ்சம் குறைவதே இல்லை. கடைசியில் மூட்டு வலி தாங்காமல் டாக்டர் முன் போய் உட்காரும்போது எடை 98. வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "மன்னிச்சிடுங்க டாக்டர்."

இவரைப் போல ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அந்த மன்னிப்புக்கு அவசியமே இல்லை. 86லேயே வந்திருந்தால் செய்வதற்கு நிறைய இருந்தது, அதில் முக்கியமான ஒன்று மருந்து. இருபது வருடத்துக்கு முன்பு இந்த வாக்கியத்தை இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க முடியாது. இன்று எழுதலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு.

எவ்வளவு திரும்பினால் கவலைப்பட வேண்டும்?

சர்ஜரிக்குப் பிறகு எடை தரைமட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. 1987ல் ஸ்வீடனில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, சர்ஜரி செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் விடாமல் பின்தொடர்ந்தது. இந்தச் சர்ஜரியில் ஒரு வகையான இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. ஏழு புள்ளி போய்விட்டதே என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்தும் உடம்பின் கால்வாசி எடை திரும்பி வரவில்லையே என்றுதான் நான் படிக்கிறேன். சர்ஜரி செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் இறந்தவர்களும் குறைவு என்பதை அதே ஆய்வு காட்டியது.

ஆனால் சராசரி எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட சுமார் 1,400 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. எடை மிகக் குறைந்திருந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், சரிபாதிப் பேருக்குத் தாங்கள் இழந்த எடையில் கால் பங்குக்கு மேல் திரும்பியிருந்தது. சிலருக்கு மிகச் சொற்பம், சிலருக்கு மிக அதிகம்.

எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். 80லிருந்து 86க்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப எடையான 120ஐ வைத்துப் பார்த்தால் அந்த 6 கிலோ வெறும் 5 சதவீதம். இழந்த 40 கிலோவை வைத்துப் பார்த்தால் 15 சதவீதம். 98க்கு வந்துவிட்டால், இழந்ததில் 45 சதவீதம் கைவிட்டுப் போய்விட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் திரும்புவதோடு அதிகம் ஒத்துப்போனது இந்த இரண்டாவது கணக்குதான் என்று அந்த 2018 ஆய்வு சொன்னது. அதனால் உங்கள் குறைந்தபட்ச எடை எது, அது எந்த மாதம் என்பதை எங்காவது எழுதி வையுங்கள். பலருக்கு சர்ஜரி அன்றைய எடை நினைவிருக்கும், இது நினைவிருக்காது.

உடம்பு ஏன் இழுக்கிறது?

இரைப்பையைச் சின்னதாக்குவதால்தான் எடை குறைகிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அது பாதி உண்மை. ஸ்லீவ் சர்ஜரியில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளமான குழாயாக விடுகிறார்கள். வெட்டிப் போடும் அந்தப் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சாப்பாடு ஜீரணமாகாத நிலையிலேயே குடலுக்குள் வேகமாக வந்து விழுவதால், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கின்றன. போதும், நிறுத்து என்று மூளைக்குச் சொல்பவை இவை. ஆக, கத்தி பட்டது வயிற்றில் என்றாலும் மாறுவது மூளைக்கும் குடலுக்கும் நடக்கும் பேச்சு.

மறுபக்கம், உடம்பு இவ்வளவு பெரிய எடை இழப்பைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்க, பசி ஏறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலும் குறைகிறது. முதல் வருடத்தில் சர்ஜரியின் பலம் இதையெல்லாம் அமுக்கி வைக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூடும், சாப்பாட்டு நினைப்பு திரும்பும், பசியில்லாமலே கை தட்டுக்குப் போகும். இதற்குக் கட்டுப்பாடு இல்லாமை என்று பெயர் வைப்பது அநியாயம். ரத்த அழுத்த மாத்திரை போதாமல் அழுத்தம் மறுபடி ஏறினால் நோயாளியை யாரும் திட்டுவதில்லை, இன்னொரு மாத்திரை சேர்க்கிறார்கள். உடல் பருமனும் திரும்பத் தலைதூக்கும் நாள்பட்ட நோய்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சர்ஜரியே ஜிஎல்பி-1ஐ ஏற்றிவிட்டது என்றால், அதே ஜிஎல்பி-1ஐப் போலச் செய்யப்பட்ட ஊசி மேற்கொண்டு என்ன செய்துவிடப் போகிறது?

விடை நேரத்தில் இருக்கிறது. உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் உடைந்துவிடும். சாப்பிட்டவுடன் ஓர் அலை போல எழும்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடுத்த வேளை வரை அதன் குரல் கேட்காது. மாலை ஐந்து மணிக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு எதையாவது கொறிக்கச் சொல்லும் அந்த உந்துதலை அது தடுப்பதில்லை. அப்படிச் செய்யப்பட்ட செமாக்ளூடைட் ஊசி மருந்தோ, ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் வாரம் ஒரு ஊசி போதும், ஏழு நாளும் அதன் சத்தம் ஒரே சீராக இருக்கும். ஊசி போட்டவர்களில் பலர், தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்த சாப்பாட்டுப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

மருந்துக்கு முன்னால் தேட வேண்டியவை

எடை திரும்பியதும் நேராக ஊசிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் காரணம் தேட வேண்டும். பைபாஸில் பிரித்த சின்னப் பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே மறுபடி ஒரு வழி திறந்துகொண்டிருக்கலாம். இணைப்பு வாய் அகன்றிருக்கலாம். ஸ்லீவ் குழாய் விரிந்திருக்கலாம். எண்டோஸ்கோபியிலோ, பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயிலோ இவை தெரியும். பழுது அங்கே என்றால் அதைச் சரிசெய்வது பற்றிப் பேச வேண்டும். ஆனாலும் இரண்டாவது சர்ஜரிக்கு முதல் சர்ஜரியைவிட ஆபத்து அதிகம் என்பதால், பெரிய பழுது இல்லாதவர்களுக்கு முதலில் மருந்தை முயன்று பார்க்கும் பழக்கம் பெருகி வருகிறது.

அடுத்து, வேறு நோய்க்கு எடுக்கும் மருந்துகள். ஸ்டீராய்டு, இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகள், மனநோய்க்கும் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் ஒலான்சபின், மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபாலின் எல்லாம் எடை ஏற்றக்கூடியவை. ஒரு மாத்திரையை மாற்றியதிலேயே ஏற்றம் நின்றுவிடுவதும் உண்டு. நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்கலாம். மதுவையும் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு அது வேகமாக ஏறுகிறது, இரண்டாவது வருடத்திலிருந்து மதுப் பிரச்சினை கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பலர் தவறவிடும் இன்னொரு காரணம் உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வருகிறது. பசி என்று நினைத்து இனிப்பாக எதையாவது வாயில் போட்டால் உடனே சரியாகிறது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அதே நடுக்கம். இது சர்ஜரிக்குப் பின் வரும் தாழ் சர்க்கரை. மாவும் சர்க்கரையும் குடலுக்குள் வேகமாகப் போய் இன்சுலினை அதிகமாகத் தூண்டிவிடுகின்றன. அதைச் சரிசெய்யச் சாப்பிடும் இனிப்பு அடுத்த சுற்றைக் கிளப்புகிறது. நாள் முழுக்க இப்படிக் கொறித்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? நடுக்கம் வரும் நேரத்தில் சர்க்கரையை அளந்து குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது?

செமாக்ளூடைட் 2.4 மி.கி. ஊசிக்கான முக்கிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி எடைக் குறைவு சுமார் 15 சதவீதம். ஜிஎல்பி-1ஓடு இன்னொரு குடல் ஹார்மோனையும் போலச் செய்யப்பட்ட டிர்செபடைட் ஊசியின் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். விளம்பரங்களிலும் செய்திகளிலும் வரும் எண்கள் இவைதான். ஆனால் ஏற்கெனவே பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்டவர்களை அந்த இரண்டு ஆய்வுகளிலும் சேர்க்கவில்லை. ஆகவே அந்த எண்களை அப்படியே தனக்கு எழுதிக்கொள்ள முடியாது.

சர்ஜரி செய்தவர்களிடம் நேரடியாக நடந்த ஆய்வுகள் சிறியவை, ஆனால் கவனமாகச் செய்யப்பட்டவை. 2019ல் வெளிவந்த கிராவிடாஸ் ஆய்வு லண்டனில் நடந்தது. சர்ஜரிக்குப் பின்னும் சர்க்கரை நோய் தொடர்ந்த அல்லது திரும்பிய 80 பேர், 26 வாரம், தினமும் போடும் பழைய ஜிஎல்பி-1 ஊசியான லிராக்ளூடைட் 1.8 மி.கி. அல்லது மருந்தில்லாத வெறும் ஊசி. மருந்து போட்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி நன்றாக இறங்கியது. எடையும் மற்றவர்களைவிடச் சுமார் 4 கிலோ அதிகம் குறைந்தது. 2023ல் வந்த பேரி-ஆப்டிமைஸ் ஆய்வு இன்னும் நேரடியானது. சர்ஜரிக்குப் பிறகு எடை போதுமான அளவு குறையாமலும், சாப்பிட்ட பின் ஜிஎல்பி-1 சரியாக எழும்பாமலும் இருந்த 70 பேர் அதில் இருந்தார்கள். 24 வாரம் லிராக்ளூடைட் 3 மி.கி. போட்டவர்களுக்கு 8.8 சதவீதம் எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான்.

செமாக்ளூடைட், டிர்செபடைட் விஷயத்தில் பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிய ஆய்வுகளைத்தான் நம்பியிருக்கிறோம். அவை நல்ல பலனைக் காட்டுகின்றன. பதிவேட்டு ஆய்வுகளில் நான் முக்கியமாக நினைப்பது 2017ல் வந்த ஒன்று. இந்தப் புதிய ஊசிகள் பரவுவதற்கு முன்பு, பழைய மாத்திரைகள் எடுத்த 319 பேரைப் பற்றியது அது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 5 சதவீதமாவது எடை குறைந்தது. அதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. எடை குறைவது நின்ற கட்டத்திலேயே மருந்து தொடங்கியவர்கள், ஏறிய பிறகு தொடங்கியவர்களைவிட மொத்தத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய அந்த நாள் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இங்கே புரியும்.

இதில் ஒரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த மருந்துகளுக்கான அனுமதி, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே எடை சார்ந்த நோயும் இருப்பவர்களுக்கு. நம் ஆள் 170 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 கிலோவில் அவர் பிஎம்ஐ 29.8. சர்க்கரையோ அழுத்தமோ இல்லையென்றால் விதிப்படி அவருக்கு மருந்து இல்லை. 88க்கு ஏறினால் உண்டு. பிஎம்ஐ 41ல் இருந்து வந்த ஒருவரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டு வா என்று சொல்வது போலத்தான் இது. அந்த விதிகள் எழுதப்பட்டபோது இவரை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. இவருடைய பழைய எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சர்ஜரி செய்த உடம்பில் மருந்து வேறு மாதிரி

ஊசிக்கு இங்கே ஒரு இயல்பான சாதகம் உண்டு. தோலுக்கு அடியில் போடுவதால் குடல் எப்படி வெட்டி இணைக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. மாத்திரைகள் அப்படியில்லை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் முழுதாக உறிஞ்சப்படும் முன்பே குடலைத் தாண்டிவிடலாம். எடை குறைக்கத் தரும் நால்ட்ரெக்சோன்-பியூப்ரோபியான் அந்த வகை. செமாக்ளூடைட் மாத்திரை இரைப்பையின் சுவரிலேயே உறிஞ்சப்படுவது. இரைப்பையின் பெரும்பகுதி இல்லாதவருக்கு அதை எழுதும் முன் யோசிக்க வேண்டும்.

டோபிராமேட் மாத்திரை பசியை நன்றாக அடக்கும், விலையும் குறைவு. ஆனால் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும். பைபாஸும் தன் பங்குக்கு ஆக்சலேட் கல்லை உண்டாக்கக்கூடியது. கல் வந்த அனுபவம் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தால் வம்பு. ஆர்லிஸ்டாட் கொழுப்பை உறிஞ்ச விடாமல் வெளியே தள்ளும், கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும். ஏற்கெனவே வைட்டமினுக்கு மாத்திரையை நம்பியிருக்கும் பைபாஸ்காரர்களுக்கு அது பொருந்துவது கஷ்டம். இதய நோய் உள்ளவர்கள் பசியை அடக்கும் பென்டர்மைன் மாத்திரையையும், வலிப்பு வந்தவர்கள் பியூப்ரோபியானையும் தவிர்க்க வேண்டும். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு ஜிஎல்பி-1 ஊசிகள் கூடாது.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பேச வேண்டும். செமாக்ளூடைட்டை கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். டோபிராமேட் கருவுக்கு உதட்டுப் பிளவு உண்டாக்கக்கூடியது. டிர்செபடைட் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தட்டு. சர்ஜரியால் ஏற்கெனவே கால் தட்டுதான் கொள்கிறது. அதன்மேல் பசியையும் எடுத்துவிட்டால், ஒரு நாள் முழுக்க நாலு வாயோடு முடிந்துவிடும். கேட்டால், "பசிக்கவே இல்லை, நல்லா வேலை செய்யுது" என்பார்கள். குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது சர்ஜரிக்குப் பின் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மருந்து எடுக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது. முதல் வாய் புரதமாக இருக்கட்டும், இடம் மிச்சமிருந்தால் மற்றது. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளையும் குமட்டல் என்று நிறுத்தக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் உடற்பயிற்சி வேண்டும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இந்த ஊசிகளின் வழக்கமான பக்கவிளைவுகள். அளவை மெல்ல ஏற்றுவதே அதற்காகத்தான். செமாக்ளூடைட்டில் 0.25 மி.கி.யில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. குமட்டல் தாங்கவில்லையென்றால் அதே படியில் இன்னும் சில வாரம் நிற்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சர்ஜரி செய்தவருக்கு வாந்தி வந்தால் மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு குடல் உள்ளுக்குள் ஓர் இடுக்கில் போய் மாட்டிக்கொள்வது வருடங்கள் கழித்தும் நடக்கும். இணைப்பில் புண் வரலாம், பித்தப்பையில் கல் வரலாம். கடுமையான வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அடுத்த வார ஊசியைத் தள்ளிப்போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. நாள் கணக்கில் வாந்தி எடுத்தால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். நடை தள்ளாடுவதும் பார்வை இரட்டையாவதும் அதன் அறிகுறிகள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று. போலி செமாக்ளூடைட் ஊசிகள் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. தாழ் சர்க்கரை ஏற்கெனவே வரும் ஒருவரின் கையில் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத ஊசி எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை நாள் போட வேண்டும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். எடை குறைந்ததும் நிறுத்திவிடலாமா? செமாக்ளூடைட்டை 20 வாரம் போட்ட பிறகு ஆட்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்தவர்களுக்கு அடுத்த 48 வாரத்தில் மேலும் 7.9 சதவீதம் குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு 6.9 சதவீதம் ஏறியது. டிர்செபடைட்டிலும் கதை அதேதான். சர்ஜரி செய்தவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அதனால் முதல் ஊசிக்கு முன்னாலேயே இதைப் பேசிவிடுவது நல்லது. வருடக்கணக்கில் வாங்கக் கையில் வசதி உண்டா, காப்பீடு தருமா, இல்லையென்றால் விலை குறைந்த மாத்திரை ஒன்று பொருந்துமா என்று. அதிகபட்ச அளவுக்குப் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. எந்த அளவில் எடை நிற்கிறதோ அதிலேயே தொடர்கிறவர்கள் உண்டு. மூன்று நாலு மாதம் முழு அளவில் போட்டும் 5 சதவீதம்கூடக் குறையவில்லையென்றால் அந்த மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறொன்றுக்கு மாறலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், கடைசி ஊசி போடும் அன்றே அடுத்த எடை பார்க்கும் தேதியைக் குறித்துக்கொண்டு வர வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளாமல். இரண்டு கிலோ ஏறியிருந்தாலும் அன்றைக்குப் போக வேண்டும்.